நாற்பது மில்லிமீட்டர்

ஜனவரி 5, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் டயரைப் பற்றி மட்டுமே எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

நேற்று டாக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சைக்கிள்ல ஆபீஸ் போறது நல்லதுதான். ஆனா இந்தக் குலுக்கம் ஆகாது" என்றார். வலி எப்போதிலிருந்து என்று கேட்டார். நவம்பரிலிருந்து என்றேன். நவம்பரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்றேன். அது உண்மை.

பெயர் ஆவுடைநாயகம், வயது ஐம்பத்து மூன்று, நில அளவைத் துறையில் வரைவாளர். அடுத்தவர் வரப்பைத் தாளில் இழுத்துக் கொடுக்கிற வேலை. பாளையங்கோட்டை மகாராஜ நகர் வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்தரை கிலோமீட்டர். என் சைக்கிளில் இருப்பது இருபத்து மூன்று மில்லிமீட்டர் டயர். என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதற்குள் நூற்றுப் பத்து பவுண்டு காற்று. ரோட்டில் ஒரு கடுகு கிடந்தாலும் பல்லில் தெரியும். பந்தய வீரர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று வாங்கினேன். நான் எந்தப் பந்தயத்தில் ஓடுகிறேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆகவே அகலமான டயர். அலுவலகத்துக்கும் ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரத்துக்கும் ஆக வேண்டும். எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. மூன்று நாளில் முடிவெடுத்துவிடலாம்.

ஜனவரி 7, செவ்வாய்

அலுவலகத்தில் பயன்படுத்தும் பெரிய தாளில் அட்டவணை போட்டேன். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தெட்டு. எடை, காற்றழுத்தம், முள் தாங்கும் சக்தி, மழையில் பிடிமானம், விலை. கோடுகளை ஸ்கேல் வைத்து மையில் இழுத்தேன். கட்டங்கள் காலி. ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது.

இரவு உணவுக்கு முன் இணையத்தில் படித்ததில் ஒரு செய்தி முள்ளாகக் குத்தியது. அகல டயர் ஒன்றும் மெதுவாகப் போவதில்லையாம். மேடுபள்ளமான ரோட்டில் ஒல்லி டயர் துள்ளித் துள்ளியே சக்தியை வீணாக்குமாம். அகல டயர் பள்ளத்தை உள்வாங்கிக்கொண்டு உருளுமாம். பத்து வருடமாக எதிரில் அகப்பட்டவர்களிடமெல்லாம் நேர்மாறாகச் சொல்லி வந்திருக்கிறேன். படமெல்லாம் வரைந்து காட்டியிருக்கிறேன்.

பிரமு தோசையோடு வந்து தாளைப் பார்த்தாள்.

"என்ன இது, யாரு நெலம்?"

"டயரு."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பத்து நிமிசத்துல சரின்னுட்டுப் போனிய. டயருக்கு இவ்வளவு யோசனையா?"

அந்த அனுபவத்தில்தான் இப்போது நிதானமாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தோசை இன்னும் அவள் கையில் இருந்ததால் சொல்லவில்லை.

"ஞானதுரை அண்ணன்ட்ட ஒரு போன் போட்டா ஒரே வார்த்தையில சொல்லிருவாவ" என்றாள்.

ஞானதுரை என் நண்பன். பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் என்னோடு சைக்கிள் ஓட்டியவன். இப்போது அம்பாசமுத்திரத்தில் மனைவி செல்வராணியின் வீட்டில் இருக்கிறான். டயருக்குச் சம்பந்தமில்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜனவரி 8, புதன்

மூன்று நாள் முடிந்தது. டயர் முடிவாகவில்லை.

ஜனவரி 11, சனி

தாளைச் சுருட்டிக்கொண்டு சேர்மக்கனியின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். கடையை அவள்தான் நடத்துகிறாள். அவர் நடத்தியதைவிட நன்றாக நடத்துகிறாள் என்பது மஸ்கட் வரைக்கும் தெரியும்.

"வாங்க அண்ணாச்சி. கையில என்ன, பட்டாவா?"

தாளை விரித்தேன். "முப்பத்தஞ்சா நாப்பதான்னு முடிவு பண்ண முடியல."

அவள் தாளைப் பார்க்கவில்லை. என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டாள். விரல் நகத்தோடு நின்றது.

"இதுல இருபத்தெட்டே இடிச்சிக்கிட்டுதான் போவும். முப்பத்தஞ்சை எங்க வைக்க? ஃபிரேமை வெட்டியா மாட்டுவிய?"

ஒரு வாரமாக ஐந்து அகலங்களை ஒப்பிட்டவன், என் சைக்கிளுக்குள் எவ்வளவு அகலம் கொள்ளும் என்று அளக்கவில்லை. அளவைத் துறையில் எனக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ்.

தாளைச் சுருட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அகல டயருதான் வேணும்னா உள்ள ஒரு சைக்கிள் நிக்கி. நாப்பது தாராளமா போவும். ஞானதுரை சாரோடது. நவம்பர்ல இருந்து நிக்கி. நீங்கதான் வந்து எடுத்துட்டுப் போவியன்னு நெனச்சேன்."

"ஆபீசுக்கு நேரமாச்சு" என்றேன்.

"இன்னைக்குச் சனிக்கெழமை அண்ணாச்சி."

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. பிரமு அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு செல்வராணியோடு பேசினாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஞானதுரை அண்ணன் பேசணும்ங்காவ."

குளிக்கப் போவதாகச் சைகை காட்டினேன். அப்போது நான் குளித்து, புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் கரும்புத் துண்டோடு நின்றிருந்தேன்.

"குளிக்காவ" என்றாள் போனில், என்னைப் பார்த்தபடியே.

அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று போய் இன்னொரு முறை குளித்தேன். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தது.

ஜனவரி 18, சனி

பட்டன் டயரா, வழவழப்பு டயரா என்று ஆராய்ந்தேன். குமிழ் குமிழாகப் பட்டன் வைத்த டயர் மண்பாதைக்குத்தான். தார் ரோட்டில் அது வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஆளைப் பின்னால் இழுக்கும். நடுப்பகுதி வழவழவென்றும் ஓரம் லேசாகக் கோடு போட்டும் இருந்தால் போதும்.

இதோடு தொடர்புடைய ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஞானதுரையின் சைக்கிளில் முதலில் இருந்தது நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர். அதை நான் அம்மிக்கல் என்று அழைப்பேன். ஞாயிறுதோறும் அழைத்தேன். "வே, அம்மிக்கல்ல உருட்டிக்கிட்டு எப்ப வந்து சேருவீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். அவன் சிரிப்பான். போன செப்டம்பரில் அவன் பிறந்தநாளுக்கு நானே இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர் ஒரு ஜோடி வாங்கிப் போய், நானே சேர்மக்கனி கடையில் நின்று மாட்ட வைத்தேன். "இந்த ரிம்முக்கு இவ்வளவு ஒல்லி வேண்டாம் அண்ணாச்சி, சாரு எடையும் கூட" என்று அவள் சொன்னாள். நான் அவளுக்குப் படம் வரைந்து காட்டினேன்.

குறிப்பு முற்றிற்று.

ஜனவரி 22, புதன்

இருபத்தெட்டாவது மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். யோசித்ததில் அலுவலகத்தில் ஒரு வரப்பை ஐந்து மில்லிமீட்டர் தள்ளி இழுத்துவிட்டேன். தாளில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர். ஒருவருடைய கிணறு பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மீட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பிரமு பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய்வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அவளுக்குத் தெரியும், நான் ஏதாவது காரணம் சொல்வேன், அது மட்டமாக இருக்கும் என்று.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "வாக்கர் பிடிச்சு நடக்காவ. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாவ. உடம்பு பாதியாயிட்டு."

நான் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆவுடை சைக்கிள் ஓட்டுதாரா இல்லையான்னுதான் மொதல்ல கேட்டாவ. டயரு தேடுதாவன்னு சொன்னேன். சிரிச்சாவ."

"எப்படிச் சிரிச்சாரு?"

"சிரிப்புல எப்படி என்ன எப்படி? பல்லு தெரியச் சிரிச்சாவ." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செல்வராணி ஒரு வார்த்தை சொன்னா. விழுந்த அன்னைக்கு ஆவுடை அண்ணன் உடனே திரும்பி வந்ததுனாலதான் ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்துலயாவது கொண்டுபோவ முடிஞ்சுதுன்னு. அவ்வளவு செஞ்சவரு இப்ப ஏன் எட்டிப் பாக்கலன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

எண்ணெய் சங்கிலியில் விழாமல் தரையில் சொட்டியது. துடைக்கத் துணி தேடிப் போனேன். அரை மணி நேரம் தேடினேன்.

ஜனவரி 29, புதன்

டயரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை காலையில் டயருக்கு என்ன நடந்தது என்பதை.

சேரன்மகாதேவி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். தூறிக்கொண்டிருந்தது. பத்தமடைக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். அதன் தளத்தில் நீளவாக்கில் ஓர் இடுக்கு, இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. நான் பார்த்தேன். ஒதுங்கிப் போனேன். முன்னால் போகிறவன் குழியைக் கண்டால் கையைக் கீழே நீட்டிப் பின்னால் வருகிறவனுக்குக் காட்ட வேண்டும். ஒன்பது வருடமாகக் காட்டியிருக்கிறோம். அன்று நான் இருநூறு மீட்டர் முன்னால் இருந்தேன், காட்டினாலும் அவனுக்குத் தெரியாது. ஏன் இருநூறு மீட்டர் முன்னால் இருந்தேன் என்றால், ஜெயிக்க. ஐம்பத்து மூன்று வயதில், தூறலில், ஒரு விலங்கியல் ஆசிரியரை.

பத்தமடை டீக்கடையில் இறங்கி உட்கார்ந்தேன். ஒரு டீ குடித்தேன். அவனைக் காணவில்லை. புது டயர் போட்டும் அம்மிக்கல்தானா என்று கேட்க வேண்டும் என நினைத்தேன். இன்னும் நல்லதாக ஒரு வசனம் கிடைக்குமா என்று யோசித்து இன்னொரு டீ குடித்தேன். மூன்று வசனங்கள் தயார் செய்தேன். நாற்பது நிமிடம். போன் மழைக்காக பிளாஸ்டிக் உறையில், பைக்குள், மற்ற துணிகளுக்கு அடியில் இருந்தது.

பால் வேன்காரர் ஒருவர் நிறுத்தி, "சைக்கிள்காரரே, உங்க கூட்டாளியா? பாலத்துல ஒருத்தர் விழுந்து கெடக்காரு" என்றார்.

நான் போனபோது நடவுக்குப் போகிற இரண்டு பெண்கள் அவனுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்சக்கரம் இடுக்கில் அப்படியே செருகி நின்றது, அளவெடுத்துச் செய்தது போல. அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "வே, போனை எடுக்க மாட்டீரா?"

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தியளே அண்ணே" என்று அழுதாள். "பின்னால சத்தம் கேட்டதும் உடனே திரும்பிட்டேன்" என்றேன். எனக்கு ஏன் அது வாயில் வந்தது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் போனேன், தூங்கிக்கொண்டிருந்தான், சாத்துக்குடியை வைத்துவிட்டு ஓடி வந்தேன். அவ்வளவுதான். மாடி வீட்டில் ஏற முடியாது என்று டிசம்பரில் அவர்கள் அம்பாசமுத்திரத்துக்கு வீடு மாறிய நாளில் எனக்கு அவசரமான அலுவலக வேலை இருந்தது. எல்லாருக்கும் விடுமுறையான அலுவலகத்தில்.

என் போனில் அந்த நான்கு தவறிய அழைப்புகள் இன்னும் இருக்கின்றன.

டயரைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 1, சனி

சேர்மக்கனி கடைக்குப் போய், "சாரு சைக்கிளை எடுங்க" என்றேன். அவள் உள்ளே போய்ச் சாக்கை விலக்கி உருட்டிக்கொண்டு வந்தாள். முன்சக்கரம் நேராக இருந்தது. வளைந்து போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"டிசம்பர்லயே கோட்டம் எடுத்துட்டேன்."

"சாரு சொன்னாரா?"

"யாரும் சொல்லல. கோணின வீலை எத்தன நாளு பாத்துக்கிட்டே இருக்க முடியும்?"

டயர் அடுக்கைப் பார்த்தேன்.

மூன்று ஜோடிகளை எடுத்துப் போட்டாள். முப்பத்தைந்து ஒன்று, நாற்பது இரண்டு. இரண்டு நாற்பதுகளில் ஒன்று மெல்லிசு, பஞ்சுபோல் மடங்கியது. மற்றது உள்ளே முள் தாங்கும் பட்டை வைத்தது, கொஞ்சம் கனம். மெல்லிசுதான் சுகம், வேகமும்கூட என்று இணையம் சொல்லியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவள், "எந்த ரோட்டுல ஓட்டப் போறிய?" என்று கேட்டாள்.

"அம்பாசமுத்திரம்."

"வழியெல்லாம் கருவேல முள்ளு. பட்டை வச்சதையே போடுங்க."

"சரி" என்றேன். நான் எந்தப் படமும் வரையாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

மாட்டி முடித்ததும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுச் சுற்றிக் காட்டினாள். தாராளமாக இடம் இருந்தது. நான் பழக்கதோஷத்தில் பம்பை எடுத்து மூச்சிரைக்க அடிக்க ஆரம்பித்தேன். பிடுங்கிக்கொண்டாள். "அகல டயரு வாங்கிட்டு நூறு பவுண்டு அடிச்சா அப்புறம் எதுக்கு அகலம்? முன்னால நாப்பத்தஞ்சு, பின்னால அம்பது. அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்."

பிப்ரவரி 3, திங்கள்

ஞானதுரையின் சைக்கிளில் அலுவலகம் போனேன், பழக்குவதற்காக. வழியில் தோண்டிப் போட்ட ரோட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடித்த பல்லை விட மறந்து கொக்கிரகுளம் வரை அப்படியே போனேன்.

பிப்ரவரி 5, புதன்

மழைநீர் போகிற கம்பி மூடிமேல் வேண்டுமென்றே இரண்டு முறை ஏறி இறங்கினேன். டயர் கண்டுகொள்ளவில்லை. நேரத்தையும் குறித்தேன். என் சைக்கிளைவிட ஒரு நிமிடம் முன்னதாக அலுவலகம் போயிருக்கிறேன். இந்த எண்ணை யாரிடமும் காட்டப் போவதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பிரமு: "அந்தச் சைக்கிளை நீங்களே வச்சுக்கிடப் போறியளா?"

நான்: "டயரு இன்னும் பழகணும்."

பிரமு: "டயரா, நீங்களா?"

பிப்ரவரி 8, சனி

நாளை போகாமலிருக்கக் கிடைத்த காரணங்கள்: காற்று எதிர்த்து அடிக்கும். முதுகு. வரப்பு தள்ளிப்போன அந்தக் கிணற்றுக்காரர் திங்கட்கிழமை மீண்டும் வருகிறார், ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அவனுக்குத் தூக்கம் தேவை. எனக்கும்.

பிரமு உப்புமா கட்ட டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அகல டயர் தார்மேல் ஒரு மாதிரி 'உம்' என்று முனகிக்கொண்டே போகிறது. நல்ல முனகல். ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

பாலம் வந்தது. ஒதுங்காமல், இடுக்கின் மேலேயே நேராக ஓட்டினேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. டயர் அதைக் கடந்து போய்விட்டது. ஒரு சின்னத் தட்டல்கூட இல்லை. அந்தப் பக்கம் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பதினைந்து மில்லிமீட்டர் வித்தியாசம். அட்டவணையில் ஒரு கட்டம்.

அம்பாசமுத்திரம் போய்ச் சேர ஒன்பதே முக்கால். வீட்டைத் தேட வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் வந்ததே இல்லை. செல்வராணி கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணே" என்று வழிவிட்டாள். பிரமு போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

ஞானதுரை முன்னறையில் நாற்காலியில் இருந்தான். எதிரில் வாக்கர். சட்டை தோளில் தொங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தான்.

"உள்ள கொண்டாரும்."

உருட்டிக்கொண்டு போனேன். குனிய முடியாததால், சக்கரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னான். தூக்கினேன். கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தான். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

"எத்தன பவுண்டு?"

"நாப்பத்தஞ்சு, அம்பது."

"உம்ம தொப்பைக்குப் பின்னால இன்னும் ரெண்டு போடலாம்." பிறகு, "உக்காரும்" என்றான்.

உட்கார்ந்தேன். செல்வராணி தண்ணீர் சொம்போடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. ஒருவகையில் நல்லது, சொல்ல வேண்டியது அவளிடமும்தான்.

"நான் அன்னைக்கு உடனே திரும்பி வரல" என்றேன். "பத்தமடையில உக்காந்திருந்தேன். நாப்பது நிமிசம். அவரு எவ்வளவு பிந்தி வாராருன்னு பாத்துக் கேலி பண்ணணும்னு. ரெண்டு டீ குடிச்சேன். போன் அடிச்சது தெரியாது. ஆஸ்பத்திரியில உங்கட்ட சொன்னது பொய்."

செல்வராணி சொம்பை மேசைமேல் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் ஞானதுரை.

"எப்படி?"

"கீழ கெடந்தவனுக்குக் கடிகாரம் பாக்கிறதத் தவிர என்னவே வேல?"

"அப்ப ஏன் அவங்கள்ட்ட சொல்லல?"

"நீரே வந்து சொல்லுவீருன்னு பாத்தேன். மறுநாளு பாத்தேன். கிறிஸ்மசுக்குப் பாத்தேன். பொங்கலுக்குப் போன் போட்டேன், நீரு குளிச்சீரு." வாக்கரின் பிடியைக் கையால் இறுக்கினான். "டயருல விழுந்தேன், சரி. அத மாட்டவிட்டு நானும்தான நின்னேன், எனக்கென்ன அஞ்சு வயசா? நீரு முன்னால போனீரு, சரி. ஒன்பது வருசமா அப்படித்தான் போறீரு. ஆனா இந்த மூணு மாசம் வராததுக்கு எந்த டயர் கோளாறுவே?"

அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூக்கு ஒழுகியது என்று எழுதிக்கொள்கிறேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் பக்கம் எறிந்தான். எறிந்ததில் இடுப்பு வலித்து, அவனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் ஒரே துண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம்.

மதியம் செல்வராணி சோறு போட்டாள். அவர்களுக்கு மீன். எனக்குத் தனியாகக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, தனிக் கரண்டி. மூன்று முறை குழம்பு ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இலையில் தலையைக் குனிந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டேன். நான்காவது முறையும் ஊற்றியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

சைக்கிளை அங்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன். ஞானதுரை விடவில்லை. "ஜூன் வரைக்கும் என்னால ஏற முடியாது. சும்மா நிறுத்தினா டயரு அமுங்கி வெடிச்சுப் போவும். ஓட்டிட்டுப் போம். ஓட்டிட்டு வாரும்."

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. வீரவநல்லூரில் கால் பிடித்துக்கொண்டது. ஒரு கிழவி ஓட்டிய டிவிஎஸ் என்னை முந்தியது. முந்தட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுபத்து நாலு கிலோமீட்டர். மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில் நடக்கிறேன். கிணற்றுக்காரர் பார்த்துவிட்டு, எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டதாக நினைத்துச் சமாதானமாகிப் போனார்.

பிப்ரவரி 12, புதன்

செல்வராணி பிரமுவுக்குப் போன் பண்ணினாளா என்று கேட்டேன். பண்ணினாளாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

"திட்டவாவது செஞ்சாளா?"

"இல்ல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் போன் அடித்தது. செல்வராணி.

"அண்ணே, டாக்டர் வாக்கரை விட்டுட்டுக் கம்புக்கு மாறச் சொல்லிட்டாவ. எங்க அப்பாவோட கம்பு இருக்கு. அடியில ரப்பர் இல்ல, தரையில வழுக்குது. இங்க கடையில கெடைக்கல. ஞாயித்துக்கெழமை வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாரியளா?"

"சரியாக் கேக்கலியே" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை வரும்போது."

"வரும்போது" என்று நானும் சொன்னேன்.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் மருத்துவச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கம்பின் அடியில் மாட்டும் ரப்பர் இரண்டு அளவில் இருந்தது. பத்தொன்பது மில்லிமீட்டர், இருபத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டுதான் என்று தோன்றியது. கைத்தடி என்றால் இருபத்திரண்டுதான் இருக்கும், அகலமாக இருந்தால் பிடிமானமும் நல்லது. கடைக்காரரிடம் அதற்கான காரணத்தை விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தி, ஞானதுரைக்குப் போன் போட்டேன்.

"வே, உம்ம கம்பு அடியில எத்தன மில்லி?"

"எதுக்குக் கேக்கீரு? நீரா ஒண்ண எடுத்துட்டு வந்து, இதுதான் நல்லதுன்னு சொல்லுவீரே."

"அளந்து சொல்லும்."

"ராணி கோயிலுக்குப் போயிருக்கா. அளவு நாடா உள்ள அலமாரியில கெடக்கு. லைன்ல இரும்."

"நீரு எந்திரிக்க வேண்டாம், அவங்க வந்ததும்..."

"இரும்ங்கேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது, துணி உரசியது. நாற்காலி முனகியது. பிறகு வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம். கால் இழுபடும் சத்தம். மறுபடி ஊன்றும் சத்தம். நடுவில் மூச்சு வாங்கினான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

கடைக்காரர் இரண்டு ரப்பரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் சார் ஆவும்?"

"ஆவட்டும்" என்றேன்.